மகாமீனின் பின்பக்கம்

1981 மார்ச் 7, சனி

அகில உலகப் புகழ் 'மகாமீன்' மாத இதழ் இன்று மாலை வெளியானது. ஆசிரியர் அடியேன். அச்சிட்டவர், மடித்தவர், சைக்கிளில் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்தவர், வழியில் நாய்க்குப் பயந்து வேலியேறியவர், எல்லாம் அடியேனே. நான் கிராணியாகக் கணக்கெழுதும் ரப்பர் தோட்ட ஆபீஸின் சைக்ளோஸ்டைல் மெஷின் மட்டும் என்னுடையதல்ல. கை முழுக்க மை. ஆற்றில் கழுவினால் தம்பின் டவுன் வரைக்கும் தண்ணீர் கறுத்துவிடும்.

தூண்டில் போடுகிறவர்களுக்காகத் தூண்டில் போடுகிறவன் நடத்தும் ஒற்றைத் தாள். முன்பக்கம் முழுக்கப் புளுகு. இந்த மாதம், ஈயம் தோண்டிய பழைய குழியில் தண்ணீர் தேங்கிய ஈயக்குட்டையில் நான் பிடித்த தோமான் மீன் வாலை ஒரு தட்டுத் தட்டியதில் சிரம்பான் ரயில் பின்னால் போய்விட்டது. பின்பக்கம் விளம்பரம். அங்கே ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லக் கூடாது. இது சட்டம். இந்த மகத்தான சட்டத்தை இயற்றியவன் நானே...

இல்லை. இயற்றியது வள்ளிநாயகி அம்மாள். தம்பினில் கடை வைத்திருக்கிறார். அரிசி, சீனி, மண்ணெண்ணெயோடு தூண்டில் சாமானும் விற்கிறார். முதன்முதலில் விளம்பரம் கேட்டுப் போனபோது சொன்னார்: "கிராணியாரே, உங்க மீனு மலை மாதிரி இருந்தாலும் எனக்கென்ன. என் கடைப் பேரு இருக்கிற பக்கத்துல மட்டும் புளுகு வேணாம்."

அவர் விளம்பரம்தான் தாளும் மையும் வாங்குகிறது. அது இல்லையென்றால் மகாமீன் கருவாடு.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா குடும்பம் கிள்ளானுக்குக் குடிபோய் இரண்டாம் வருஷம். "மாமா, முதலைக் கதை சொல்லுங்க" என்று காலைக் கட்டிக்கொள்ளப் பிள்ளைகள் இல்லை. மத்தியானம் சுவருக்கு ஒரு கதை சொன்னேன். சுவர் அப்படியே நம்பிவிட்டது. எதிர்த்துப் பேசாதவர்களிடம் புளுகி என்ன சுகம்?

மார்ச் 14, சனி

பஸ் ஏறித் தம்பின் போனேன். வழக்கம்போலக் கடை வாசலில் நின்று முன்பக்கத்தை உரக்கப் படித்தேன். வழக்கம்போல வரிக்கு வரி "பொய்" என்றார் வள்ளிநாயகி அம்மாள், சீனி பொட்டலம் கட்டிக்கொண்டே. ரயில் பின்னால் போன இடத்தில் பொட்டலம் கையிலிருந்து நழுவிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கோப்பி கொடுத்தார்.

மாதத்தில் என் குரலை நானே கேட்கும் நாள் இது ஒன்றுதான்.

மார்ச் 21, சனி

தோட்டத்து ரப்பர் பால் லாரி ஓட்டும் முனியாண்டி வந்தான். கையில் கட்டையோடு அறுந்த தூண்டில் நூல். வள்ளிநாயகி அம்மாள் கடையில் வாங்கியது.

"நூலா லா இது? சேமியா! நல்ல ஆருவான் மீனு கிராணி, கரைக்கே வந்திருச்சு. புட்டுக்கிட்டுப் போயிருச்சு. பத்திரிகையில போடுங்க. நாலு பேரு ஏமாறக் கூடாது."

கட்டையிலிருந்த மிச்ச நூலை நானும் இழுத்துப் பார்த்தேன். உலகமே அஞ்சும் பலசாலி நான். ஆனால் இதற்குப் பலமே தேவைப்படவில்லை. சுண்டு விரலுக்கே அறுந்தது. வெயிலில் கிடந்த சரக்கு போலிருக்கிறது.

மார்ச் 25, புதன்

எழுதினால் பின்பக்கத்தில் எழுத வேண்டும். அவர் கடைப் பெயருக்குப் பக்கத்திலேயே. அதை வாசலில் நின்று எப்படிப் படிப்பேன்? அப்புறம் கோப்பி? அப்புறம் "பொய்"?

எழுதாவிட்டால் முனியாண்டிக்கு என்ன பதில்?

நேரே போய் அவரிடம் சொன்னால் என்ன? சொல்லலாம். சொல்லலாம்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ் போகும் சத்தம் அதற்கப்புறம்தான் கேட்டது.

ஒரு வழி தோன்றியிருக்கிறது. மூளை என்றால் அது என் மூளை.

ஏப்ரல் 4, சனி

இதழ் வெளியீடு. முனியாண்டியின் கதை முன்பக்கத்தில்! அவன் தூண்டிலில் லாரியைவிட நீளமான மீன் மாட்டியது, கரையையே இழுத்தது, இரும்புச் சங்கிலியே அறும் இழுப்பில் பாவம் நூலும் அறுந்தது. முனியாண்டிக்கும் மரியாதை, கடைக்கும் மரியாதை. சபாஷ் எனக்கு.

ஏப்ரல் 12, ஞாயிறு

சபாஷ் வாபஸ்.

லாரி நீள மீனையே அவ்வளவு நேரம் தாங்கிய நூலா என்று தோட்டத்தின் கீழ் டிவிஷனில் பாதிப் பேர் அதையே போய் வாங்கியிருக்கிறார்கள். எல்லாருக்கும் அறுந்துவிட்டது. முனியாண்டி வாசற்படி ஏறவில்லை. லாரியில் இருந்தபடியே சொன்னான்: "நான் சொன்னது மெய்யி. நீங்க அதப் பொய்யாக்கிட்டீங்க. ஊரே என்னப் பாத்து சிரிக்குது."

 

ஏப்ரல் 18, சனி

தம்பின். கடை மேசைமேல் அறுந்த நூல்கள் குவிந்து கிடந்தன. அம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்..."

"நான் வருத்தப்படுவேன்னு யாரு சொன்னா? நூலு கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே தூக்கிப் போட்டிருப்பேன். கெட்ட சரக்குன்னு தெரிஞ்சும் விக்கிறவள்னு நெனச்சீங்களா என்ன?"

"ஐயோ, அப்படி இல்ல..."

"எல்லாரும் அவங்க சரக்கப் பாராட்டி எழுதச் சொல்லுவாங்க. நான் கேட்டது அது இல்லியே கிராணியாரே. இனி என் கடைப் பேரு வேணாம். எடுத்துருங்க."

கோப்பி இல்லை. நான் படிக்கவும் இல்லை. தாள் சட்டைப் பையிலேயே கசங்கிவிட்டது.

ஏப்ரல் 19, ஞாயிறு

தூண்டில் போடப் போகவில்லை.

ஏப்ரல் 22, புதன்

செய்தி அதற்குள் பறந்துவிட்டது. சைக்கிள் கடை மணியம் தேடி வந்தார். "அந்தம்மா எடத்துல நம்ம கடையப் போடுங்க. வருஷம் பூரா. நம்ம சரக்கப் பத்தி யாராச்சும் கொற சொன்னா மட்டும், இந்த மாசம் கட்டின மாதிரி நல்லதா ஒரு கதை கட்டிருங்க லா. ஒங்களுக்கா தெரியாது?"

அவர் ஏசவில்லை. பாராட்டினார். அதுதான் சுட்டது.

வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். மகாமீனின் ஆயுள் இனி அலமாரியில் மிச்சமிருக்கும் தாள்வரைதான்.

மே 2, சனி

இருந்த மைக்கு ஒரு பக்கம்தான் வந்தது. முன்பக்கத்தைக் காலியாக விட்டேன். புளுக நாக்கும் எழவில்லை. பின்பக்கத்தில், அவர் விளம்பரம் இருந்த கட்டத்தில் இதைப் போட்டேன்:

"முனியாண்டியின் நூலை அறுத்தது பெரிய மீன் அல்ல. நூல் கெட்டிருந்தது. முனியாண்டி உண்மையைத்தான் சொன்னார். அதைக் கதையாக்கியது என் தவறு. கடைக்காரரிடம் முதலில் சொல்லாததும் என் தவறு. – ஆசிரியர்."

ஒரு பிரதியைத் தம்பின் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். நேரில் போகக் கால் வரவில்லை. எட்டு முதலைகளை ஒரே மூச்சில் அடக்கிய கால்!

மே 10, ஞாயிறு

மழை. யாரும் வரவில்லை. யார் வருவார்கள்?

மே 17, ஞாயிறு

வாசலில் பால் லாரி வந்து நின்றது. முனியாண்டி இறங்கினான். மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டான். வள்ளிநாயகி அம்மாள்!

நூல் வாங்கியவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுக்கப் புது நூலோடு தோட்டத்துக்கே வந்துவிட்டார். எனக்கும் ஒரு கட்டை. "இழுத்துப் பாருங்க. வாயால இல்ல, கையால."

மூவருமாக ஈயக்குட்டைக்குப் போனோம். அம்மாள் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்தார். "லாரி நீளம்னு எழுதுனீங்களே கிராணி, என் லாரியா, ஆபீஸ் லாரியா?" என்று முனியாண்டி கேட்டான். அவ்வளவுதான், அந்தக் கோபம் தீர்ந்தது. பொழுது சாயும்வரை பேச்சு. புது நூலில் ஒரு தவளைகூட மாட்டவில்லை.

ஜூன் 6, சனி

புது இதழைத் தம்பினுக்கு நானே கொண்டுபோனேன். பின்பக்கத்தில் மறுபடி அவர் கட்டம், அன்று ஈயக்குட்டைக் கரையில் அவர் சொல்லச் சொல்ல எழுதியது:

"புது நூல் வந்திருக்கிறது. கிராணியார் ஈயக்குட்டையில் போட்டு இழுத்துப் பார்த்தார். அறவில்லை. மீன் கிடைக்கவில்லை. – வள்ளிநாயகி கடை, தம்பின்."

கடைசி வரியை மட்டும் எடுத்துவிடலாமே என்று அன்றே கெஞ்சிப் பார்த்திருந்தேன். "பின்பக்கம், கிராணியாரே" என்று முடித்துவிட்டார்.

வாசலில் நின்று முன்பக்கத்தைப் படித்தேன். ஈயக்குட்டையில் திமிங்கிலம் குட்டி போட்டது என்றேன். "பொய்." அது என்னை மாமா என்று கூப்பிட்டது என்றேன். "பொய்." அன்று குட்டைக்கரையில் நான் தனியாக இல்லை என்ற வரி வந்தது.

அம்மாள் அதைப் பொய் என்று சொல்லவில்லை. கோப்பியை என் பக்கம் நகர்த்தினார்.