கைக்கோடாரி செய்த சனிக்கிழமை

எதிர்மனையில் கொத்தனார் வாசற்படிக்குக் கருங்கல் செதுக்கிக்கொண்டிருக்கிறார். உளி பட்டதும் கல்லிலிருந்து எழுகிற அந்தக் கருகிய வாசனை இன்று காலை என் சமையலறை வரை வந்தது. கை தானாகப் போய் இடது கண்ணைப் பொத்திக்கொண்டது. பிறகு சிரித்துவிட்டேன். நீ இருந்திருந்தால் உடனே போன் போட்டிருப்பேன். இப்போது எழுதத்தான் முடிகிறது.

இரண்டாயிரத்துக்குச் சற்றுப் பிந்திய வருடங்கள். குரோம்பேட்டைப் பள்ளியில் நீ வரலாறு எடுத்தாய், நான் கணக்கு. ஆதிமனிதனின் கல் கைக்கோடாரியைப் பள்ளிக் கண்காட்சியில் பிள்ளைகள் கண்ணெதிரே செய்து காட்டுவதாக, என்னைக் கேட்காமலே இருவர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாய்.

“நம்ம பல்லாவரத்துலயே கெடச்சிருக்குடி. வெறும் படத்த காட்டினா யாரு பாப்பாங்க?”

படப்பைப் பக்கம் பொறுக்கிய பெரிய கூழாங்கற்களோடு, முடிச்சூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் சனிக்கிழமைகளில் உட்கார்ந்தோம். இன்னொரு கல்லால் நட்டநடுவில் அடித்தால் கை வலித்ததே தவிர கல் அசையவில்லை. விளிம்பில் சாய்வாக அடித்தபோதுதான் அடிப்பக்கத்திலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. அது பெயர்ந்த பள்ளத்தின் ஓரம்தான் அடுத்த அடிக்கு இடம். கல்லைத் திருப்பித் திருப்பி இரு முகமும் செதுக்க வேண்டும்.

“இந்த அடி விழறதுக்கு முன்னாடியே அடுத்த அடி மனசுல இருக்கணும். இவங்கள போய் காட்டுமிராண்டின்னு பாடம் நடத்துறேனே!” என்றாய்.

கல்லுக்கு ஒரு வடிவம் வந்திருந்தது. ஆசையில் நான் குனிந்த அதே நேரத்தில் உன் அடி விழுந்தது. சில்லு தெறித்து, இடது கண்ணில் நெருப்பு வைத்தது போல் இருந்தது.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துப் பதறினார். “இன்னாக்கா, ரத்தம் வந்துகினு கீது! கசக்காத, தோ போய்டலாம்.” தாம்பரம் நெரிசலில் ஆட்டோ நின்ற இடத்திலெல்லாம் நீ சத்தமாக ஜெபம் செய்தாய். உன் கை என் மணிக்கட்டை விடவேயில்லை. கண் போய்விட்டால் கரும்பலகையில் எப்படிக் கோடு போடுவேன் என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“கருவிழியில படல மேடம்,” என்றார் டாக்டர். “வெள்ளையில லேசான கீறல்தான். கண்ணு அசையாம இருக்க மருந்து போட்டு ரெண்டையும் கட்டிடறேன், காலையில பிரிச்சுப் பாத்துடலாம்.”

வராந்தா பெஞ்சில் நீ அழுததை நான் காதால்தான் கேட்டேன். “இனிமே கல்ல தொட மாட்டேன்டி.”

“அந்தக் காலத்துலயும் இப்படித் தெறிச்சிருக்கும்ல? டாக்டர்கூட கெடையாதே,” என்றேன்.

மூக்கைச் சிந்திவிட்டு டீச்சர் ஆனாய். “முறிஞ்சு, அப்புறம் கூடிப்போன எலும்பெல்லாம் கெடச்சிருக்கு. நடக்க முடியாதவனுக்கு யாரோ சோறு போட்டிருக்காங்க. சோறு ஏது அப்போ? ஏதோ ஒண்ணு.”

அந்த வலியிலும் சிரித்தேன். கண் தெரியுமோ தெரியாதோ என்ற பயம் அப்போதுதான் கொஞ்சம் தணிந்தது.

காலையில் கட்டைப் பிரித்ததும் முதலில் மின்விசிறி தெரிந்தது, அப்புறம் உன் முகம். என் கண்ணைவிட உன் கண்கள்தான் வீங்கியிருந்தன.

“தெரியுதாடி?”

“நீ தலை வாரலன்னு தெரியுது.”

நீ என்னைக் கட்டிக்கொண்ட வேகத்தில் நர்ஸ் நம் இருவரையும் திட்டினாள்.

கல்லைத் தூக்கிப் போட நான் விடவில்லை. வெல்டிங் பட்டறையில் கண்ணாடி இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, கண்காட்சியில் நீ அதைச் செய்து முடித்தாய். விழுந்த சில்லால் வெள்ளரிக்காயைச் சீவியதும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் தலைமையாசிரியை ஓடி வந்தார்.

போன வருடம் நீ நோயில் படுத்தபின், உன் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது எனக்குப் பயம் இல்லை. கஞ்சி ஊட்டினேன், காலைப் பிடித்துவிட்டேன். நீ வலியில்லாமல், தூக்கத்திலேயே போனாய். அழுதேன், ஆனாலும் மனசு இலேசாகத்தான் இருந்தது.

சென்ற வாரம் கீழ்வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். “ஆன்ட்டி, அம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க.” எங்கே அடி என்று கேட்கத் தோன்றுவதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியிருந்தேன். பாதிப் படியில்தான் நீ சொன்ன அந்தக் கூடிப்போன எலும்பு ஞாபகம் வந்தது.