நீங்கள் உருவாக்காத நாணயம்

இன்று காலை இஸ்திரிக்காரர் உங்கள் கருப்புக் கோட்டைக் கொண்டுவந்தார். ஒரு வருடமாகக் கடையைப் பூட்டிவிட்டுச் சொந்த ஊரில் இருந்தாராம், கோட்டு கடையிலேயே தங்கிப்போனதாம். "அண்ணி, சாஹப் எங்கே, வெளியூரா?" என்று இந்தியில் கேட்டார். நீங்கள் இறந்துபோனதைச் சொன்னேன். கோட்டை என் கையில் வைத்துவிட்டு, கூலிகூட வாங்காமல் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதானே அன்று மேடையேறினீர்கள்? நீங்கள் வேலை பார்த்த ஹடப்சர் கம்பெனி உங்களை வேலையைவிட்டு எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்த சமயம். கிரிப்டோ காயின் என்கிற டிஜிட்டல் நாணயம் ஒன்றைப் பற்றிய கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தக் காயினை உருவாக்கியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. புனைபெயரில் இயங்கிவிட்டுக் காணாமல் போன ஆள். தொடக்கத்தில் அதைச் சோதித்துப் பிழை சொன்னவர்களில் நீங்களும் ஒருவர், அவ்வளவுதான். ஆனால் மைக்கைப் பிடித்து, "அது நான்தான்" என்று சொல்லிவிட்டீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுனாங்க தெரியுமா?" என்றீர்கள். என் கேள்விக்கு அது பதிலே இல்லை.

அந்த வீடியோ பரவியது. சாங்வியில் நம் குடியிருப்பிலேயே பலர் அந்தக் காயினை வாங்கினார்கள். எதிர் வீட்டு குல்கர்ணி ஆன்ட்டி, மகன் படிப்புக்கு வைத்திருந்ததைப் போட்டார். விலை சரிந்தபோது உங்கள் மேல் போலீசில் புகார் போனது. அடுத்து வருமான வரி நோட்டீஸ். உருவாக்கியவர் தன் பங்கு காயின்களை அந்த வருடம் விற்றிருக்கிறார், அந்த லாபத்துக்கு வரி எங்கே என்று.

கேம்ப் ஏரியாவில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண் நம் ஆடிட்டர். அன்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தேக்கோ சார், பாருங்க, நீங்கதான் செஞ்சீங்கன்னா வரி கட்டணும், அபராதமும் சேர்த்து. செய்யலைன்னா, பொய் சொல்லி ஜனங்களை ஏன் வாங்க வெச்சீங்கன்னு போலீஸ் கேக்கும். ரெண்டுக்கும் நடுவுல வழி இல்ல. உண்மையைச் சொல்லிடுங்க."

நீங்கள் சொல்லவில்லை. "பொய்யன்னு நானே எழுதிக் கொடுக்கணுமா?" என்று வாய்தா மேல் வாய்தா வாங்கினீர்கள். வழக்கறிஞர் மாற்றினீர்கள். ஒரு மதியம் பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள்.

குற்றம்சாட்டப்பட்டவர் இறந்ததால் போலீஸ் வழக்கு முடிந்தது. வரி முடியவில்லை. நீங்கள் விட்டுச்சென்ற சொத்து அளவுக்கு வாரிசு பதில் சொல்ல வேண்டுமாம். சொத்து என்றால் இந்த வீடுதான். நான் போய் அதிகாரி முன்னால் உட்கார்ந்தேன். "உங்கள் கணவர் பொய் சொன்னார் என்கிறீர்களா?" என்று இந்தியில் கேட்டார். அவர் முகத்தில் இரக்கம் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. "ஆமாம்" என்றேன். பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். விற்ற காயின்களின் பணம் நம் கணக்கு எதற்கும் வரவில்லை என்பதை ஆடிட்டர் காட்டினார். சில மாதம் கழித்து நோட்டீஸைக் கைவிட்டார்கள். வீடு தப்பியது.

உங்கள் வாயிலிருந்து வரவேண்டிய ஒரு வார்த்தை. அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள்.

நீங்கள் சொன்னது பொய் என்று குல்கர்ணி ஆன்ட்டியிடம் நானே போய்ச் சொன்னேன். கதவைச் சாத்தவில்லை அவர். "உன் வீட்டுக்காரர் என் கண்ணைப் பார்த்துச் சொன்னாரே" என்று மட்டும் சொன்னார். இப்போது லிஃப்டில் நாங்கள் இருவரும் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

போன வாரம் பள்ளியில் யாரோ மீராவிடம் அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். நம் மகளின் தமிழ் உங்களுக்குத் தெரியும், தட்டுத்தடுமாறித்தான் வரும்.

"அம்மா, அப்பா பொய் பேசினாரா?"

"ஆமா."

"உனக்கு அப்பா மேல கோபம் இருக்கா?"

"இருக்கு."

"எப்போ போகும்?"

தெரியவில்லை என்றேன். போகட்டும் என்று எனக்கு அவசரமும் இல்லை. நீங்கள் விட்டுப்போனவற்றில் யாரும் ஜப்தி செய்ய முடியாதது இந்தக் கோபம் ஒன்றுதான்.