பரிமளம் கேட்ட கேள்வி

மடுல்கெல்ல,
ஆடி 1974

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். நான் நலம், மலைக்குளிர் பழகிவிட்டது.

பயிற்சிக் கல்லூரி காணாமல், சுயமாகக் கற்று ஆசிரியையானவள் நான். ஆகவே இத்தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஒரு வழக்கத்தை நானே ஏற்படுத்தினேன்: நாள்தோறும் ஒரு பிள்ளை, புத்தகத்தில் விடையில்லாத கேள்வியொன்றைக் கேட்க வேண்டும். பல வாரங்களாக எவரும் வாய்திறக்கவில்லை. நேற்று, லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழும் கொழுந்து பறிப்பவரின் மகள் பரிமளம் எழுந்தாள்.

"டீச்சர், எங்க லயத்துக்கு வந்தா ஏன் தேத்தண்ணி குடிக்க மாட்டேங்கிறீங்க?"

"வாய மூடுடி!" என்று பக்கத்துப் பிள்ளை அவளது பாவாடையை இழுத்தாள்.

அவ்வீடுகளில் கை நனைக்கலாகாது என்பது தாங்கள் இட்ட கட்டளை. தாகமில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவ்வகுப்பில் இனி எவரும் கேள்வி கேட்கமாட்டார்.

"அது எங்கட வீட்டு வழக்கம், பிள்ளை. பிழையான வழக்கம்" என்றேன்.

மாலையில் பரிமளத்தின் வீட்டில் தேநீர் அருந்தினேன். "இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன், மொகத்தச் சுளிக்காதீங்க டீச்சர்" என்றார் அவள் தாய். இங்கு வந்தபின் பிறரோடு அமர்ந்து நான் பருகிய முதற்கோப்பை அது.

பனங்கட்டி அனுப்பினால் அவர்களுக்கும் சேர்த்து அனுப்புங்கள். தபாற்காரர் வாசலில் நிற்கிறார். தங்கள் கடிதம் கண்டு நெடுநாளாயிற்று, கோபித்தாவது எழுதுங்கள்.

தங்கள் மகள்,
ஞானேஸ்வரி