கரடி போட்ட தையல்

9 ஜூலை 1987, வியாழன்

கள்ளக்குறிச்சியின் கடுக்காய்ச் சக்கரவர்த்தி, புளி மண்டிப் பேரரசர், பக்கீர் முகமது ஆகிய நான் இன்று காலை சட்டையைக் கழற்றிவிட்டு மூட்டை தூக்கினேன். ஆளுக்குப் பஞ்சமில்லை. முதுகைக் காட்ட ஒரு சாக்கு வேண்டியிருந்தது. திருநாவலூரிலிருந்து வந்த புது வியாபாரி, எதிர்பார்த்தபடியே, இடது தோள்பட்டைக்குக் கீழே வளைந்து போகும் தழும்பைப் பார்த்து என்னவென்று கேட்டார். கல்வராயன் மலையில் கரடியோடு நான் கட்டிப் புரண்ட வரலாற்றைச் சொன்னேன். கடுக்காய் மூட்டைகளோடு மலையிறங்கி வந்திருந்த சடையனைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

"ஆமாங்க, நாந்தான் கல்ல வுட்டு வெரட்டுனேன்" என்றான். அந்தக் கரடிக் காலத்தில் சடையன் பிறந்திருக்கவில்லை. நல்ல மனிதன்.

வியாபாரி போனதும் இருமினேன். துப்பினால் சிவப்பு. வெற்றிலைச் சாறு என்று தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். பிறகுதான் யோசனை வந்தது: இன்றைக்கு நான் இன்னும் வெற்றிலையே போடவில்லை.

10 ஜூலை

இன்றும். இனிமேல் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு இருமுவது என்று தீர்மானம்.

21 ஜூலை

தீர்மானம் தோற்றது. என் மனைவி ஷர்புன்னிசா, கைக்குட்டையைத் துவைக்க எடுத்தவள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

"வெத்தில."

"வெத்திலக் கறைய இருவது வருசமா நாந்தான் தொவச்சிக்கினு கீறேன். இது வெத்தில இல்ல."

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டாக்டரிடம் இழுத்துப் போனாள். எவ்வளவு ரத்தம் வருகிறது என்று டாக்டர் கேட்டார். ஒரு குடம் என்றேன். "அவுரு குடம்னு சொன்னா நீங்க கால் டம்ளர்னு எழுதிக்குங்க டாக்டர்" என்றாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

முதுகில் குழாயை வைத்தவர் தழும்பைப் பார்த்தார். "இது?"

ஷர்புன்னிசா பக்கத்திலேயே நிற்கிறாள். நான் என்ன செய்வேன்? கரடி என்றேன்.

உள்ளதை இந்த நோட்டிலாவது எழுதி வைக்கலாம். எனக்குப் பத்தொன்பது வயதில், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருக்கிறது என்று, வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் முதுகைத் திறந்து ஒட்டுப் போட்டார்கள். பிறகு ஷர்புன்னிசா வீட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. என் அக்கா ஹப்சா சொன்னாள்: "முதுகப் பொளந்து வெச்ச மாப்பிளைக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்? கரடி பிறாண்டிச்சின்னு சொல்லு. வீரன்னு நெனச்சிக்குவாங்க." சொன்னேன். நிக்காஹ் நடந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று பேர் குடித்தனம்: நான், அவள், கரடி.

எக்ஸ்ரேயில் இடது நுரையீரல் மேலே ஒரு நிழல் தெரிகிறதாம். காசநோய் என்று முடிவாகிவிட்டது.

3 ஆகஸ்ட்

டி.பி. மாத்திரை வேலை செய்கிறது. அதன் சாயத்தில் சிறுநீர் செக்கச்செவேல் என்று போகிறது. இப்போது மேலேயும் சிவப்பு, கீழேயும் சிவப்பு. அடுத்த தேர்தலில் செங்கொடிக்காரர்கள் என்னைத்தான் நிறுத்த வேண்டும்.

சளியில் கிருமி ஒன்றும் தெரியவில்லையாம். சில சமயம் ஒளிந்துகொள்ளும் என்றார் டாக்டர். என் பெயரைக் கேட்டு மலையில் மிருகங்கள் ஒளிவது உண்டு. கிருமியும் ஒளிகிறது.

24 ஆகஸ்ட்

ரத்தம் நின்றே போய்விட்டது. மருந்து ஜெயித்தது என்கிறார் டாக்டர். ஜெயித்தது யார் என்று எனக்குத் தெரியும்.

16 செப்டம்பர்

தியாகதுருகத்து முருகவேல் கடைக்கு வந்தார். மண்டிக்குப் புளி கொண்டுவந்து போடுகிறவர், என் கதைகளுக்கு நிரந்தர வாடிக்கை. நாளையிலிருந்து ஒரு வாரம் அவருடைய சாதிச் சங்கத்தின் சாலை மறியல்.

"அரிசி பருப்பு வாங்கி வெச்சிக்க பாய். ஒரு காக்கா கூட ரோட்டத் தாண்டாது."

"இன்னா கேக்கிறீங்க?"

"எங்க சாதிக்கு வேலையில இருவது சதம் ஒதுக்கீடு. எம் பொண்ணு டீச்சருக்குப் படிச்சிட்டு களை வெட்டப் போய்க்கினு கீது பாய். நாங்க இன்னா யாரு வூட்டு சொத்தையா கேக்கறோம்?"

கரடியிடம் அடிபட்டவர்களுக்கும் அரை சதம் சேர்த்துக் கேட்கச் சொன்னேன்.

"ஒன் ஒருத்தனுக்கா? மொதல்ல அந்தக் கரடி இன்னா சாதின்னு சொல்லு" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். போகும்போது சிரித்தார்.

18 செப்டம்பர்

பஸ் இல்லை. லாரி இல்லை. உளுந்தூர்ப்பேட்டை ரோடு முழுக்கப் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்களாம். புளி வியாபாரியாக நான் இரங்கல் தெரிவித்துக்கொள்கிறேன். விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூடு என்று பேச்சு. இதில் விளையாட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

19 செப்டம்பர்

காலையில் பல் துலக்கும்போது வந்துவிட்டது. முன்பு வந்த மாதிரி இல்லை. இருமவே வேண்டியிருக்கவில்லை, தானாக வந்தது. துண்டு நனைந்து சொட்டியது.

அக்கா மகள் மாஹிரா ஓடி வந்தாள். பக்கத்து வீடு.

"எவ்ளோ வந்துது மாமா?"

"கொஞ்சந்தாம்மா."

அவள் முகம் அப்படியே வெளிறிவிட்டது. உள்ளே ஓடினாள். "அத்த, மாமா கொஞ்சம்னு சொல்றாரு" என்று அவள் கத்தியதும் வீடு திரண்டுவிட்டது. ஹப்சா அக்கா அப்போதே அழ ஆரம்பித்தாள். ஒரு வார்த்தையைக் குறைத்துச் சொன்னது தவறு. ரெண்டு அண்டா என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக டீ போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உடனே பாண்டிச்சேரி என்கிறார். எந்த ரோட்டில் என்று சொல்லவில்லை. தெருக்கோடி அம்பாசடரைக் கேட்டிருக்கிறார்கள். கார் வந்துவிட்டது, இதோடு நி—

21 செப்டம்பர், பாண்டிச்சேரி

படுக்கையில். உட்கார விட்டிருக்கிறார்கள்.

தியாகதுருகம் தாண்டி முதல் மரம். கார் நின்றது. கூட்டத்துக்கு முன்னால் முருகவேல். ஜன்னலுக்குள் குனிந்து பார்த்தார்.

"இன்னா பாய், புதுக் கதையா?"

ரத்தம் வருகிறது, உயிர் போகிறது என்றேன். கூட்டமே சிரித்தது. "வெத்திலயத் துப்பிட்டு சொல்லு பாய்" என்று பின்னாலிருந்து ஒருவன். என் வாழ்நாள் உழைப்பெல்லாம் அந்த இடத்தில் பலன் கொடுத்தது. மாஹிரா கதவைத் திறந்து இறங்கினாள். அவள் பேசுவதற்குள் எனக்கு இருமல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

டீக்கடை பெஞ்சைத் தூக்கி வந்தார்கள். என்னைப் படுக்க வைத்து ஆறு பேர் மரத்துக்கு மேலே கைமாற்றினார்கள். ஷர்புன்னிசாவும் மாஹிராவும் பின்னாலேயே ஏறித் தாண்டினார்கள். அந்தப் பக்கம் ஒரு டிராக்டர். அடுத்த மரத்தில் மாட்டு வண்டி. அதற்கடுத்து யாரோ ஒருவருடைய வேன். ஒவ்வொரு மரத்திலும் முருகவேல் முன்னால் ஓடி, "சங்கத்து ஆளுதாம்பா, பாய்க்கு வழி வுடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். திரும்பிப் போங்கள் என்றேன். "நீ பேசாத. பேசினா ரத்தம் வருது" என்றார். என்னைப் பேசாதே என்று சொல்லிக் கேட்க வைத்த முதல் மனிதர்.

ஓரிடத்தில் மரம் இல்லை, போலீஸ் இருந்தது. என்னைப் பார்த்து வேனை விட்டார்கள். மறியல்காரர் என்று முருகவேலை இறக்கிக்கொண்டார்கள்.

"போ பாய், நா பின்னால வரேன்."

வண்டி திரும்பும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன். பிறகு தெரியவில்லை.

22 செப்டம்பர்

ஒரு பெண் டாக்டர், வயது மாஹிராவைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். என்னைக் குப்புறத் திருப்பினார்.

"இது எப்படி வந்தது?"

"கரடி."

விரலால் தழும்பின் நீளத்துக்கும் தடவிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒரே இடைவெளி விட்டுத் தையல் போட்டிருக்கே. படிச்ச கரடியா?"

நான் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டேன். ஷர்புன்னிசா சொன்னாள்: "ஆப்ரேசன் டாக்டர். எங்க அத்தா தையக்காரரு. கல்யாணம் ஆன மொத வாரமே எனக்குத் தெரியும். எதுக்கு பண்ணாங்கன்னுதான் தெரியாது."

அதற்குப் பிறகு நானே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஓடினார். சாயம் செலுத்திப் படம் எடுத்தார்கள். பெரிய டாக்டர் வந்து விளக்கினார். காசநோயே இல்லையாம். அன்றைக்குப் போட்ட ஒட்டு நைந்து, ரத்தக்குழாய் அந்த இடத்தில் பலூன் மாதிரி உப்பி, பக்கத்தில் நுரையீரலுக்குக் காற்றுப் போகும் குழாயை அரித்து ஓட்டை போட்டுவிட்டது. இதயத்து ரத்தம் மூச்சுக்குழாயில் வழி கண்டுபிடித்துவிட்டது. ரத்தம் உறைந்து ஓட்டையை அடைத்தால் இருமல் நிற்கும், குணமானது என்று நினைத்துக்கொள்வோம். அடைப்பு ஒருநாள் பிய்த்துக்கொண்டால் எல்லாம் சில நிமிடம்தான். இந்தத் தழும்பின் கதை ஜூலையிலேயே தெரிந்திருந்தால் அப்போதே கண்டுபிடித்திருக்கலாம் என்றார். குற்றமாகச் சொல்லவில்லை.

அவர் போனதும் கேட்டேன். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க அத்தினி ஆசையா சொல்லிக்கினு இருப்பீங்க. எப்பிடிங்க வாயத் தொறக்கறது? அந்த டாக்டரும் பாத்தாரு. டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுதுன்னு இருந்துட்டேன்." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கரடியைப் பற்றி அவள் அழுது நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

29 செப்டம்பர், சென்னை

ரோடு திறந்ததும் கொண்டுவந்துவிட்டார்கள். நாளைக்கு அறுவை. கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்துவிட்டு, துணியால் நெய்த குழாயைத் தைப்பார்களாம். என்ன துணி என்று ஷர்புன்னிசா கேட்டாள். டெரிலின் மாதிரி என்றார் சர்ஜன்.

"தண்ணி பட்டா சுருங்குமா?"

அவர் ரொம்ப மரியாதையாக, சுருங்காதும்மா என்றார்.

கால் போகலாம், குரல் போகலாம், ஆளே போகலாம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். இதில் பெரிதுபடுத்த எனக்கு இடமே வைக்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. இன்னா செய்ய?

முருகவேலைப் பற்றித் தகவல் இல்லை. எந்த ஜெயில் என்று மாஹிரா விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

20 அக்டோபர்

ஆள் இருக்கிறேன். கால் இருக்கிறது. குரல் போய்விட்டது. ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் ஓடும் குரல் நரம்பைக் காப்பாற்ற முடியவில்லையாம். காற்றுதான் வருகிறது.

5 டிசம்பர், சனி

மண்டியை இன்று திறந்தேன். ஷர்புன்னிசா கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஊதுவதை விலையாக மாற்றிச் சொல்கிறாள். என் விலையைவிடக் கொஞ்சம் கூட்டியே சொல்கிறாள்.

பத்து மணி வாக்கில் முருகவேல் வந்தார். ஆள் பாதியாக இளைத்திருக்கிறார். போன வாரம்தான் ஜெயிலிலிருந்து விட்டார்களாம். நான் எழுந்து கையைப் பிடிக்கப் போனேன். அவர் தோளைக் கொடுத்தார். பெஞ்சில் உட்கார வைத்து டீ சொன்னேன். மூட்டைக்காரர்கள், மலையிலிருந்து வந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். என்ன நடந்தது என்று கேட்டார்கள். என்னிடம் குரல் இல்லை. அவர் ஆரம்பித்தார்.

"மரம்னா மரம், பத்து யானை சேந்தாலும் நவுத்த முடியாது. இவுரு வாயிலேந்து ரத்தம் கோமுகி ஆறு மாரி வருது. நூறு பேரு நிக்கிறோம். அப்பிடியே தலைக்கு மேல தூக்குனோம் பாரு, பாய் வானத்துல போறாரு. இன்னா பாய், அப்பிடித்தான?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

கதையில் வேன், போலீஸ் இருந்த இடத்தை எட்டியது. அங்கே அவர் நேராகப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தாண்டிவிட்டார். அவர் போகவே போகாத ஆஸ்பத்திரியில் பத்து டாக்டர்கள் ஓடி வந்தார்கள்.

"நீ இன்னா ஆன?" என்று யாரோ கேட்டார்கள்.

"நா இன்னா ஆவறது. வூட்டுக்கு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, மறுபடி மரத்துக் கதைக்கே போனார்.

அவருடைய வலது கை, அவர் உட்கார்ந்ததிலிருந்து மடியிலேயே கிடந்தது. ஒரு தடவைகூட அது எழவில்லை. டீ வந்தது. பையன் வலது பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். முருகவேல் அதைப் பார்க்காத மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

நான் டம்ளரை எடுத்து அவருடைய இடது கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தேன்.