சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் எவ்வளவு தூரம்

1938 ஆவணி, வெள்ளிக்கிழமை. உத்தமபாளையம்.

எனக்கு இந்த வாய் சும்மா இருக்காது. பினாங்கில் கடை வைத்திருக்கும் ராவுத்தர் ஊருக்கு வந்திருக்கிறார். மாலையில் ஆத்தாவைப் பார்க்க வந்தவர், "உங்க பேரனுக்கு என் மடியில வச்சுத்தான் காது குத்துனாக" என்றார். தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டியது. சிங்கப்பூரில் குமாஸ்தாவாக இருக்கும் என் தம்பி, பினாங்கில் வாழ்க்கைப்பட்ட தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போகவே இல்லை.

"தீவு விட்டுத் தீவு போகணும். எம்புள்ள என்ன செய்வான்?" என்றாள் ஆத்தா. எப்போதும் அவனுக்குத்தான் பரிவாள். எனக்கு எரிச்சல். தேசப்படத்தை விரித்தேன். "நானூறு மைல்கூட இல்ல. ஏரோப்ளேன்ல காலையில ஏறினா மத்தியானச் சோத்துக்குப் பினாங்கு."

ஆத்தா இரண்டு ஊருக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தாள். "ஏலே, அம்புட்டுக் கிட்டத்துல இருந்துக்கிட்டா போகாம இருந்தான்?"

துரைமார் போகிற வண்டி அது, குமாஸ்தா ஏற முடியாது என்று தொண்டை வற்றச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. "தூரம்னு நெனச்சுத்தானடா இத்தன வருசம் மனசத் தேத்திக்கிட்டேன்" என்றவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இன்னும் தூங்கவில்லை, புரளும் சத்தம் கேட்கிறது.

நாலாயிரம் மைல் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.