நிஜ ஊரின் பெயர்

அக்காவுக்கு,

சந்தனமாரியின் அம்மா தையல் வேலைக்கு வரும்போது இதை உன்னிடம் தருவார். படித்ததும் கிழித்துவிடு. எல்லாரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் எழுதுகிறேன். போனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார்.

என் கதை பத்திரிகையில் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வீட்டை விட்டுப் போய், விரும்பியவரோடு வாழும் ஒருத்தியின் கதை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி அவள் காலர் தைப்பாள். ஊருக்கு வேறு பெயர்தான் வைத்திருந்தேன். பத்திரிகை ஆசிரியர், "நிஜ ஊரைப் போடும்மா, அப்பத்தான் மண்வாசனை வரும்" என்றார். போட்டேன். அச்சில் என் பெயரைப் பார்க்கும் ஆசை. த்தூ!

நேற்று சித்தப்பா அதை வாசித்துக் காட்டினார். அப்பா ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சிரித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. புதியம்புத்தூர்ல எந்தத் தெருடி?"

"சும்மா கற்பனைப்பா."

"நூலைப் பல்லால கடிக்கதுமா?"

இன்று சித்தப்பா பைக்கை சர்வீசுக்கு விட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அவரும் கிளம்புகிறார்களாம். எதற்கு என்று அம்மா கேட்கவில்லை.

அதற்குள் அத்தானோடு வேறெங்காவது போய்விடு.

ஆசிரியர் இன்னொரு கதை கேட்கிறார். "இதே மாதிரி உண்மையா இருக்கணும்" என்கிறார்.

போகும் ஊரை எனக்குச் சொல்லாதே அக்கா. சொன்னால் எழுதிவிடுவேன்.

உன் தங்கச்சி