நாலாவது பாட்டில் வரும் அலை

மக்கா,

பல் பிடுங்கிய இடம் ஆறிவிட்டது. அதைச் சொல்வதற்காக எழுதவில்லை, ஆனால் எல்லாம் அந்தப் பல்லில்தான் தொடங்கியது.

போன மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு பல் டாக்டரிடம் போயிருந்தேன். ஈறில் ஊசி போட்டுவிட்டு, மரத்துப்போகும்வரை வெளியே உட்காரச் சொன்னார். அங்கே சுவரில் மாட்டியிருந்த சின்ன ஸ்பீக்கரில் மெல்லிய இசை ஓடிக்கொண்டிருந்தது. மழை, அதற்குள் ஒரு புல்லாங்குழல். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த மழையை எனக்குத் தெரியும். அது இலைமேல் விழுகிற மழை இல்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கத்து ரப்பர் மரங்களுக்கு, பால் வெட்டுகிற இடம் நனையாமலிருக்கப் பாவாடை மாதிரி பிளாஸ்டிக் கட்டியிருப்போமே, அதில் விழுந்து வழுக்கி இறங்குகிற மழை.

"இது பாலித் தீவு காட்டுல எடுத்ததாம் சார். கேட்டா டென்ஷனே வராது" என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்த பெண். பாலி இல்லை, எங்கள் ஊர் திருவட்டாறு என்று சொல்ல வாயெடுத்தேன். பாதி வாய் மரத்திருந்ததால் எச்சில்தான் வழிந்தது. சிரிப்பு வந்தது. நீ இருந்திருந்தால் அங்கிருந்தே போன் போட்டிருப்பேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது என்பதையே ஒரு நிமிடம் மறந்துவிட்டேன்.

அந்தச் சிரிப்பு அடுத்த பாட்டு தொடங்குகிறவரைதான் இருந்தது.

நீ வளைகுடாவிலிருந்து திரும்பி, பாத்திரக்கடை மாடியில் ரெக்கார்டிங் அறை போட்ட காலம் நினைவுக்கு வருகிறது. கோயில் கொடைத் திருவிழாப் பாட்டும் கிறிஸ்மஸ் பாட்டும் இல்லாத மாதங்களில், உறக்கம் வராத வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆல்பம் செய்து இணையத்தில் போடலாம் என்று நீதான் சொன்னாய். பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்த எனக்கும் சனி ஞாயிறு சும்மாதான் போய்க்கொண்டிருந்தது. உன் பைக்கின் பின்னால் மைக்கைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்து ஊரெல்லாம் சுற்றினேன். வயலில் தவளைச் சத்தம் பிடித்தோம், அதை ஜப்பான் தோட்டமாக்கினாய். குளச்சலில் விடியற்காலை அலை பிடித்தோம், அது ஹவாய் ஆயிற்று. என் புல்லாங்குழலுக்கு என் வாயிலேயே நுழையாத ஒரு பெயரைப் போட்டு என்னைத் திபெத்துக்காரனாக்கினாய்.

"எவனாவது கண்டுபிடிச்சா என்ன செய்வ?" என்று கேட்டேன்.

"கேக்கவன் உறங்கிருவாம்லே. உறங்கினவன் எந்திரிச்சு வந்து சண்டைக்கா நிப்பான்?"

வயிறு வலிக்கச் சிரித்தோம். யாரோ முகம் தெரியாதவர்களை ஏமாற்றுகிறோம் என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. ஏமாற்ற உனக்கு எவ்வளவு எளிதாக வருகிறது என்பதையும் நான் கவனித்திருக்க வேண்டும்.

உனக்கு ஒரே ஒரு விதி இருந்தது. பேச்சுக்குரல் கூடாது. குளச்சலில் அலை அருமையாக வந்துகொண்டிருந்தபோது, வள்ளத்திலிருந்து ஒருவர் "ஏலே, கயித்தப் பிடிலே" என்று கத்திவிட்டார். அந்த ஒரு வரியை எடுக்க நீ ஒரு பகல் முழுவதும் வெட்டி ஒட்டினாய். "மனுசன் பேச்சு கேட்டா உறக்கம் தெளிஞ்சிரும், கேட்டியா. அவனுக்கு மழை வேணும். மழைக்குக் கீழ நிக்கவன் வேண்டாம்" என்றாய். எவ்வளவு பெரிய தொழில் ரகசியம் என்று வியந்து தலையாட்டினேன்.

அந்த ஆனி மாதத்து மத்தியானத்துக்கு வருகிறேன். ரப்பர் மழையைப் பிடிக்க எங்கள் அடுக்களை ஜன்னலில் மைக்கை வைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நீ அங்கேயே நின்றாய். உள்ளறையில் அம்மா. பக்கவாதம் வந்து நாலு மாதம், உறக்கம் கிடையாது, பேச்சும் ஒன்றிரண்டு உடைந்த சொல்தான். சின்ன வயதில் அவள் எனக்காக வாய் திறக்காமல் முனகிய, எங்கள் பேச்சில் சொன்னால் மூளிய, ஒரு ராகம் உண்டு. வார்த்தை கிடையாது, தொண்டைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். அதை நான் மூளினால் மட்டும் கொஞ்சம் கண்ணயர்வாள். அன்றைக்கும் நீ நிற்பதை மறந்து மூளினேன். மூன்றாவது சுற்று முடிந்ததும் அம்மா கண்ணைத் திறந்து, ஒரு எழுத்தும் குழறாமல் சொன்னாள்.

"மதி மக்களே. நீ போய் உறங்கு."

போதும் மகனே என்கிறாள்; என்னைப் பழைய சின்னப் பிள்ளை என்று நினைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் முழுதாக ஒரு வாக்கியம் பேசவில்லை.

வெளியே வந்தால் நீ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஐம்பதைத் தொடப்போகிற ஆண்பிள்ளை தாலாட்டுகிற சத்தம் ஊரெல்லாம் கேட்கவா? "இது வேண்டாம் மக்கா, களைஞ்சிரு" என்றேன். "களைஞ்சாச்சு" என்று அப்போதே அழிக்கிற பொத்தான் என்று ஒன்றை அமுக்கிக் காட்டினாய்.

ஆடியில் அம்மா போனாள். பதினாறு கழிந்த மறுநாளே உன் மாடிப்படி ஏறி வந்தேன். நினைவிருக்கிறதா? "அன்னைக்கு நான் கிறுக்குத்தனமா சொல்லிட்டேன். அதுல ஒரு துண்டாவது கிடக்கான்னு பாருடே. அம்மை சொன்ன அந்த ஒரு வரி மட்டும் போதும்" என்று கேட்டேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"நீதானே களையச் சொன்ன. அன்னைக்கே போச்சு மக்கா" என்றாய். பிறகு கீழே கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கித் தந்தாய். அந்த வருடத்து ஆல்பம் மட்டும் என் கைக்கு வரவில்லை. "சரியா வரல்லை, விட்டாச்சு" என்றாய். நான் நம்பினேன். நீ சொன்னதை நான் எதைத்தான் நம்பவில்லை?

பல் டாக்டரின் ஸ்பீக்கரில் ஓடியது அந்த ஆல்பம்தான். நாலாவது பாட்டு. மழைக்குள்ளிருந்து என் குரல் வந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. பிறகு அம்மா மூச்சை இழுப்பது கேட்கிறது. பேசப்போகிறவள் இழுக்கிற மூச்சு. அடுத்த நொடி ஒரு அலை எழுந்து அப்படியே மூடிவிடுகிறது. அந்த அலையும் எனக்குத் தெரியும். நீயும் நானும் குளச்சலில் சேர்ந்து பிடித்தது.

என் குரலை வைத்துக்கொண்டு அவள் குரலை வெட்டியிருக்கிறாய். அப்படியானால் நான் உன் கையைப் பிடித்துக் கேட்டபோது அது உன்னிடம் இருந்தது. உன் விதிக்காக வெட்டினாய், சரி. வெட்டிய துண்டை எனக்குத் தந்திருக்கலாமே? தந்தால் களையவில்லை என்பது தெரிந்துவிடும், அவ்வளவுதானே. பத்து நாள் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். பதினோராவது நாள் வந்திருப்பேன். நாற்பது வருடப் பழக்கத்தில் இதுகூடவா உனக்குத் தெரியவில்லை?

பல் பிடுங்குவதை வேறொரு நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு நேரே உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி, மைனி, உன் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். "உடம்பு முடியாம கிடக்கப்ப அவியளே இருந்து பழையதெல்லாம் களைஞ்சாவ. முடிஞ்ச பாட்டு மட்டுந்தான் கிடக்கு" என்றாள். நாலாவது பாட்டைத் தொட்டதும் சட்டென்று, "இதை மட்டும் அவிய கேக்கவே மாட்டாவ. நான் போட்டாலும் அணைச்சிருவாவ. ஏன்னு தெரியல்ல" என்றாள். நான் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். அவள் உன்னை நல்லவனாகவே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

உனக்கு வலித்திருக்கிறது என்பது இப்போது தெரிகிறது. தெரிந்தும் எனக்கு ஆறவில்லை. உன் சவத்தைத் தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். அன்றைக்கு அழுத அழுகையை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

இப்போது அந்த ஆல்பம் என் போனிலும் இருக்கிறது. தினமும் மத்தியானம் நாலாவது பாட்டைப் போடுகிறேன். அவள் மூச்சு வரும், உன் அலை எழும். அந்த இடத்தில் அம்மா சொன்னதை நானே வாய்விட்டுச் சொல்கிறேன். என் குரலில் சொல்லச் சொல்ல அவள் குரல் எப்படி இருந்தது என்பது கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது. இருந்தாலும் நிறுத்த முடியவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று இனி உலகத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சிதைக்குத் தீ வைத்தபோது, நிம்மதியாக உறங்கட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் மக்கா. போய் உறங்கு என்ற சொல் என்னிடம் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. அதை உனக்குத் தர மாட்டேன்.